மூக்களவும் நாக்களவும்

எங்கள் ஊரில் விற்கும் சீன உணவு சீன உணவே அல்ல என்று ஒருவன் சொன்னால் அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்த சங்கதிதான் அது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் பல வருஷங்களாக உத்தியோகம் பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன், தன் முன்னால் வைக்கப்பட்ட தட்டைப் பார்த்து அதைச் சொன்ன தோரணையிலும், சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் படர்ந்த ஒருவிதத் திருப்தியிலும் ஏதோ ஒன்று இருந்தது. அது இன்னதென்று அப்போதே பிடிபடவில்லை என்றாலும், நாளாக ஆகக் கரைந்து போவதற்குப் பதிலாக உள்ளேயே கனத்துக்கொண்டு நிற்கிறது. அந்த மாநகரின் கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு என்றொரு பிரதேசம் இருக்கிறதாம். மாண்டரே பார்க், அல்ஹாம்பிரா, சான் கேப்ரியல் என்று எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒட்டிக் கிடக்கும் சிற்றூர்களில், சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு அவன் கடை கடையாக அலைந்திருக்கிறான். நாக்கை மரக்கச் செய்யும் ஸெச்சுவான் மிளகு மிதக்கிற மீன் குழம்பு ஓரிடத்தில். பிசைந்த மாவுக் கட்டியை ஒரு கையில் ஏந்தி மறு கையிலுள்ள கத்தியால் சீவிச் சீவி நேரே கொதிநீரில் விழச் செய்யும் ஷான்ஸி நூடுல்ஸ் வேறோரிடத்தில். காலை வேளையில் மூங்கில் தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டி மேஜை மேஜையாக நகர்ந்து வரும் கான்டன் பலகார மண்டபம் இன்னோரிடத்தில். இவற்றில் எது அசல் என்று கண்டுகொள்ள அவன் ஒரு சூத்திரமும் வகுத்து வைத்திருந்தான்: “கடைக்குள்ள சீனாக்காரங்க கூட்டமா இருக்கோணுங்க மாமா, மெனு இங்கிலீஷ்ல அரைகுறையா இருக்கோணும், பரிமாறறவங்க நம்மளக் கண்டா எதுக்குடா வந்தான்னு பாக்கோணும். அப்பத்தான் அது அசல்.”

தன்னை வரவேற்காத இடமே தான் தேடிய இடம் என்று ஒருவன் முடிவு கட்டுவது விசித்திரமான தர்க்கம்தான்; ஆனாலும் அதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கு அப்படியொரு சமையல் வாய்த்ததன் காரணத்தைச் சமையற் புத்தகங்களில் தேடுவதைவிடச் சட்டப் புத்தகங்களில் தேடுவது சுலபம். சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாதென்று 1882இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தவர்கள், வெள்ளைக்காரர்களின் துணியை வெளுத்தும் வெள்ளைக்காரர்களின் நாவுக்கு இசையச் சமைத்தும் காலந்தள்ளினார்கள். முளைவிட்ட பயறும் வெங்காயத் தாளும் மாமிசத் துணுக்குகளும் கொழகொழத்த குழம்பில் புரளும் ‘சாப்சி’ என்ற பதார்த்தம் அந்நாட்டில் பிரசித்தி பெற்றது அக்காலத்தில்தான். பிறகு 1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டு, தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும், வெகு காலம் கழித்துச் சீனப் பெருநிலத்திலிருந்தும் ஜனங்கள் குடும்பங் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1990ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் மாண்டரே பார்க் வாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆசிய வம்சத்தவர். தன் ஊர்க்காரனுக்குத் தன் ஊர்ச் சாப்பாட்டைப் போடுகிற சமையற்காரன் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அது அசலா என்ற கேள்வியே அவன் அடுப்பங்கரையில் எழுவதில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறவன், இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பதை வாசற்படியில் நின்று ஒட்டுக் கேட்கிறவன்தான். என் மருமகனும் அவ்வாறு ஒட்டுக் கேட்டவன்; கேட்டதைத் திரும்பி வந்து எங்களுக்குப் பாடமாகச் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு உறுத்தல் ஆரம்பமாயிற்று.

அவன் விமானமேறிப் போன பிறகு, எந்த உத்தேசமும் இல்லாமலே நான் எங்கள் ஊரின் சீன உணவை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். கோயம்புத்தூர் ஹோட்டல்களின் பட்டியலில், ஃப்ரைடு ரைஸுக்கும் ஹாட் அண்ட் ஸோர் சூப்புக்கும் கீழே, ‘அமெரிக்கன் சாப்சி’ என்று ஒன்று வெகு கம்பீரமாக வீற்றிருக்கும். மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸைக் கூடுபோல் தட்டில் பரப்பி, தக்காளி சாஸின் இனிப்பும் வினிகரின் புளிப்பும் கலந்த சிவந்த குழம்பை அதன் மேல் ஊற்றி, உச்சியில் ஒரு முட்டையைப் பொரித்துக் கவிழ்த்து வைப்பார்கள். அமெரிக்கர்கள் சீனத்துப் பண்டம் என்று தின்று தீர்த்ததை நாம் சீனக் கடையில் உட்கார்ந்து அமெரிக்கப் பண்டம் என்று தின்கிறோம். கான்டனுக்குத் தெற்கே ஏதோவொரு கிராமத்தில் மிச்சம் மீதியைச் சேர்த்து வதக்கியவள் இரண்டையும் கண்டாளானால் என்ன நினைப்பாளோ. மஞ்சூரியனுக்காவது தகப்பன் பெயர் தெரிகிறது. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்தவரான நெல்சன் வாங், 1975 வாக்கில் பம்பாயின் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்று வேண்டுமென்று கேட்ட வாடிக்கைக்காரருக்காகப் பூண்டையும் இஞ்சியையும் பச்சை மிளகாயையும் நம்மவர் பாணியில் பொடியாக அரிந்து வதக்கினார். கரம் மசாலா விழ வேண்டிய இடத்தில் சோயா சாஸை விட்டு, சோளமாவைக் கரைத்து ஊற்றி, பொரித்த கோழித் துண்டுகளை அதில் புரட்டினார் என்பது அவர் சொன்ன வரலாறு. மஞ்சூரியாவில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமிசம் தொடாத நம்மவர்கள் கோழியை விலக்கிக் காலிஃபிளவரை அந்த ஸ்தானத்தில் அமர்த்தியபோது, தகப்பனுக்கும் தெரியாத ஒரு பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இப்போது பந்தி இலையிலேயே அதற்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். வேடிக்கை நின்றுபோகும் ஓரிடம் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் காந்திபுரத்துக் குறுக்குத் தெருக்களிலோ வடவள்ளிப் பக்கத்திலோ நடந்து போனால், தள்ளுவண்டியின் கீழிருந்து வரும் அடுப்பின் உறுமல் ஒரு பர்லாங்குக்கு முன்பே காதில் விழும். மாஸ்டர் என்று எல்லோராலும் அழைக்கப்படும் அந்த மனிதர், பெரும்பாலும் தேனிப் பக்கத்திலிருந்தோ சிவகங்கைச் சீமையிலிருந்தோ பிழைக்க வந்தவராக இருப்பார். சீனத்தைச் சினிமாவில்கூடப் பார்த்திருப்பாரோ என்னவோ. முன்கூட்டியே வடித்து ஆறவைத்த சாதம் ஒரு டப்பாவில். நூலிழையாகச் சீவிய கோசும் கேரட்டும் பீன்ஸும் வேறு டப்பாக்களில். உப்பு, மிளகுத் தூள், அஜினமோட்டோ ஆகியவை கரண்டி நுனிக்கு எட்டும் தூரத்தில். எண்ணெய் புகையும் வரை காய்ந்த இரும்புச் சட்டியில் முட்டை விழுகிறது. அது கட்டியாவதற்குள் காய்கள். காய்கள் வதங்கித் துவளுவதற்குள் சாதம். மணிக்கட்டு ஒரு சுழற்றுச் சுழற்றச் சட்டியிலுள்ள அத்தனையும் ஆகாயத்தில் எழும்பி, ஒரு கணம் நெருப்பு நாக்கின் ஊடே புகுந்து, ஒரு பருக்கை சிதறாமல் திரும்பி வந்து விழுகிறது. சுட்ட இரும்பின் வாசமும் லேசான தீய்ச்சலும் சோற்றில் ஏறிவிடுகிற அந்தப் பக்குவத்தைத்தான் கான்டன் சமையற்காரர்கள் ‘வொக் ஹெய்’ என்று சிலாகித்துச் சட்டியின் மூச்சாகவே மதிக்கிறார்கள். குளிரூட்டிய ஹோட்டல்களில் சோயா சாஸ் அயல்நாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், தட்டு பீங்கானாக இருக்கலாம். சோற்றில் அந்த மூச்சு மட்டும் அநேகமாக இருப்பதில்லை. சரக்கைக் கொண்டு அளந்தால் தெருவண்டி போலி. கைவேகத்தையும் நெருப்பையும் கொண்டு அளந்தால் அதுதான் கான்டனுக்கு அருகில் நிற்கிறது. எந்த அளவுகோலை எடுப்பது என்பதை நான் தீர்மானிக்கப் பார்த்தேன். தீர்மானிக்க முடியவில்லை என்பதைவிட, அதைத் தீர்மானிக்க எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது.

அஜினமோட்டோ என்றதும் முகஞ்சுளிக்கிறவர்கள் இதற்குள் சுளித்திருப்பார்கள். 1908இல் தோக்கியோவில் இக்கேடா என்ற ரசாயனப் பேராசிரியர் கடற்பாசிக் கஷாயத்தின் ருசிக்குக் காரணம் தேடிப் பிரித்தெடுத்த உப்பு அது. தக்காளிப் பழத்தில் தன்னியல்பாகவே இருக்கும் வஸ்துவின் நெருங்கிய உறவு. 1968இல் அமெரிக்காவில் தொழில் பார்த்த சீன வம்சத்து மருத்துவர் ஒருவர், சீன உணவகங்களில் சாப்பிட்ட பிறகு பிடரி மரத்துப் போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையலுக்கு விடும் மதுவா, இந்த உப்பா, எது காரணமென்று விளங்கவில்லை என்று வைத்திய சஞ்சிகை ஒன்றுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். சஞ்சிகை அதற்குச் சீன உணவக நோய் என்று தலைப்பிட்டுவிட்டது. எதைத் தின்கிறோம் என்று தெரியாதபடி கொடுத்துச் சோதித்துப் பார்த்தபோது அந்தக் குற்றச்சாட்டு நிலைபெறவில்லை; பெயர் மட்டும் நிலைபெற்றது. எங்கள் ஊரில் ‘அஜினமோட்டோ சேர்ப்பதில்லை’ என்று எழுதி மாட்டியிருக்கும் ஹோட்டலில் குழந்தைக்குச் சாதம் வாங்கிக் கொடுக்கும் தாய், வீடு திரும்பும் வழியில் மசாலாத் தூள் தடவிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை நிம்மதியாக வாங்கித் தருகிறாள். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. ருசியில் வரும் நம்பிக்கையைப் போலவே ருசியில் வரும் அச்சமும் பண்டத்தைப் பார்த்து வருவதில்லை, அதன் பின்னால் நிற்கும் முகத்தைப் பார்த்தே வருகிறது என்ற சந்தேகம் எனக்கு முதன்முதலில் தட்டியது இங்கேதான்.

முகம் என்று சொன்னேன். அவினாசி சாலையை ஒட்டிய பெரிய உணவகங்கள் சிலவற்றில் சமையற்கட்டுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார்கள். உள்ளே வெள்ளைத் தொப்பியணிந்து நிற்கும் பையன்கள் டார்ஜிலிங், மணிப்பூர், மிஸோரம் என்று இந்த தேசத்தின் வடகிழக்கு மூலைகளிலிருந்தும், சில சமயம் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். நல்ல தொழிலாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களைக் கண்ணாடிக்கு அருகே நிறுத்தி, வெங்காயம் அரியும் தர்மபுரிப் பையனைப் பின்கட்டுக்கு அனுப்பியிருப்பதன் சூக்ஷ்மம் யாருக்கும் விளங்காததல்ல. குடும்பத்தோடு வந்த ஒருவர் கண்ணாடியைச் சுட்டிக்காட்டித் தம் மனைவியிடம், “பாத்தியா, சீனாக்காரனையே வெச்சுச் சமைக்கறாங்க, இங்கதான் கரெக்டா இருக்கும்” என்றார். அவருடைய சூப்பு அந்தக் கணமே ருசி கூடிவிட்டிருக்கும். என் மருமகனின் சூத்திரத்துக்கும் இவருடைய கணிப்புக்கும் என்ன பேதம்? அவன் கடைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை எண்ணினான். இவர் அடுப்பருகில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தார். நாக்கு தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரு வழக்கில் கண் முந்திக்கொண்டு சாட்சி சொல்லிவிடுகிறது. அந்தப் பையனோ, தன் வீட்டில் தாய் காய்ச்சும் மூங்கிற்குருத்துக் குழம்பைப் பற்றி ஒருவரும் கேட்காத ஊரில், தான் ஒருநாளும் போகாத தேசத்தின் சமையலுக்குச் சான்றிதழாக நின்றுகொண்டிருக்கிறான்.

இப்படி முகத்தை அளப்பது எங்கள் பிரதேசத்துக்குப் புதிதல்ல என்பது நினைவுக்கு வந்தபோது உறுத்தலின் வேர் சற்றுத் தென்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி, ஊட்டியையும் பைக்காராவையும் தாண்டிக் கூடலூர் இறக்கத்தைத் தொடும் இடத்தில் நடுவட்டம் இருக்கிறது. கொய்னா மருந்துக்காகச் சின்கோனா மரங்களை அங்கே நட்டு வளர்க்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில், மலாய்க் கரையோரக் குடியேற்றங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகளை அந்தக் குளிரில் சிறை வைத்திருந்தார்கள். தண்டனைக் காலம் முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில் குடிசை போட்டுக்கொண்டார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கொஞ்சம் காப்பி வளர்த்தார்கள், பசு வைத்துப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தம் அளவுகருவிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தார். ஜாதிகளின் குணத்தை மூக்கின் அகலத்திலும் மண்டையின் நீளத்திலும் படித்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் குடும்பங்களும் அளவுகளாக இடம்பெற்றிருக்கின்றன. உடம்பை அளக்க விட்டால் பணம் தருவதாக அவர் சொல்லியனுப்பினார். ஏழைகளாக இருந்தும் அவர்கள், பணம் வேண்டியதில்லை, எங்களைப் பிடிக்கும் படத்தில் ஒரு பிரதியை ஞாபகார்த்தமாகக் கொடுத்தால் போதும் என்று மரியாதையாகப் பதிலனுப்பினார்களாம். அளக்க வந்தவருக்கு அவர்கள் இன்ன கலப்பில் இத்தனை பங்கு என்ற கணக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தங்கள் முகம், தங்களுடையதாக. தர்ஸ்டன் மூக்கை அளந்தார், தலையை அளந்தார், அடுப்பை எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சீன ஆணும் ஒரே சட்டியில் எதை வதக்கினார்களோ, அது நம் ஜில்லாவின் எல்லையில் பிறந்த முதல் சீனச் சமையல்; அதற்கு ஃப்ரைடு ரைஸ் என்று பெயர் இருந்திருக்காது. அந்தக் குடும்பங்களின் சந்ததி மலையிலும் சமவெளியிலுமாக மற்ற ஜனங்களுக்குள் கரைந்து போயிற்று. கரைந்து போனதில் அவர்களுக்கு நஷ்டமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கரையாமலிருந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது.

1962இல் எல்லையில் யுத்தம் மூண்டதும், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சத்தவர்களில் ஏறக்குறைய மூவாயிரம் பேரை அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்து மலைகளிலிருந்தும் ரயிலேற்றி ராஜஸ்தானத்தில் தேவ்லி என்னுமிடத்தில் அடைத்து வைத்தது நமது சர்க்கார். அங்கேயும் முகமே சாட்சி. வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து மீண்டவர்களில் பலர் நாடு விட்டு நாடு போனார்கள். கல்கத்தாவின் ஹக்காச் சீனர்கள் ஏராளமானோர் கனடாவில் டொரொன்டோ நகரைச் சுற்றிக் குடியேறினார்கள். அங்கே அவர்கள் நடத்தும் ‘ஹக்கா’ உணவகங்களில் சில்லி சிக்கனும் மஞ்சூரியனும் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வந்து வரிசையில் நிற்பவர்கள் குஜராத்திகளும் பஞ்சாபிகளும், யாழ்ப்பாணத்திலிருந்து போன நம் தமிழர்களும். சீனர் சமைக்கும் இந்தியச் சமையல் கனடாவில் அசல் சரக்காக மதிக்கப்படுகிறது. இதைக் கேள்விப்பட்டால் என் மருமகனின் சூத்திரம் என்ன செய்யும்? இவ்வளவு தூரம் போவானேன். ஊட்டியிலேயே, கமிஷனர் சாலையில், 1954 முதல் ஒரு சீன வம்சத்துக் குடும்பத்தால் நடத்தப்பட்டு வருகிறது ஷின்கோஸ் என்ற சீன உணவகம். யுத்தத்துக்கு எட்டு வருஷம் முன்பு திறந்த கடை யுத்தத்தையும் தாண்டி நிற்கிறது. உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகளும் தேனிலவுத் தம்பதிகளும் தோட்டத் துரைமார்களின் வாரிசுகளுமாகத் தலைமுறைகள் அதன் மேஜைகளில் உட்கார்ந்து எழுந்திருக்கின்றன. மலைக் குளிரில் அங்கே ஒரு கோப்பை சூப்பைக் கையில் ஏந்தியபோது, இது எந்த மாகாணத்து முறை என்று கேட்க நா எழும்பியது. கேட்டிருந்தால் நானும் அளவுகருவியோடு வந்தவனாகவே ஆகியிருப்பேன். சூப்பு சூடாக இருந்தது, குடித்தேன்.

இனி, மற்றவர்களின் அடுப்பை விட்டுவிட்டு நம் அடுப்புக்கு வருவதே முறை. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெருந்துறையிலிருந்து இந்தப் பக்கம், அசல் கொங்குச் சமையல் என்று பலகை வைக்காத மெஸ் அபூர்வம். தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறட்டிய பள்ளிபாளையம் சிக்கன், அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, செலவு ரசம், சந்தகை, ஒப்பிட்டு என்று இலை நிறைகிறது. நானும் கூச்சமில்லாமல் நிறையச் சாப்பிடுகிறவன். ஆனால் இந்த இலையை எந்தக் காலத்து இலை என்று சொல்வது? அந்த வரமிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. கொங்கு மண்ணின் பெருமை என்று நாம் கொண்டாடும் கடலையெண்ணெயின் கடலை, தென்னமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. அதையெல்லாம் பழங்கதை என்று தள்ளினாலும், அரிசியைத் தள்ள முடியாது. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கு முன்பு, மேட்டுக்காட்டுக் குடியானவன் வீட்டில் அன்றாடம் வெந்தது கம்பும் சோளமும் ராகியும்தான். “நோம்பிக்குத்தானப்பா நெல்லுச்சோறு” என்பது எங்கள் பாட்டிமார்கள் வாயில் சகஜமாகப் புரண்ட பேச்சு. நோம்பி நாள் இலையைத்தான் நாம் தினசரி இலை என்று பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். அசல் என்று ஒரு மெஸ்ஸில் களியைக் கிளறி, கீரை கடைந்து, வேறொன்றுமில்லாமல் பரிமாறினால், பட்டணத்திலிருந்து காரில் வருகிறவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். தேடுகிறவன் விரும்பிய அசலைத் தேடுகிறவனுக்காகச் சமைப்பது ஒரு தொழில். இழிவான தொழில் என்று நான் சொல்ல மாட்டேன்.

பலகையே இல்லாமல் எங்கள் ஊருக்கே சொந்தமாகிவிட்ட பண்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கோயம்புத்தூர்ச் சீனச் சமையலைப் பேசுவது நேர்மையாகாது. காளான் என்று பெயர். கோசைப் பொடியாக அரிந்து, மைதாவும் சோளமாவும் சிவந்த மசாலாவும் சேர்த்துப் பிசைந்து, பக்கோடாவாகப் பொரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். அகன்ற தட்டைக் கல்லில் வெங்காயமும் தக்காளியும் கொதிக்கும் குழம்பில் அதைப் போட்டு, இரண்டு கரண்டிகளால் தட்டித் தட்டி நொறுக்கி, கரைத்த மாவு ஊற்றி வழவழவென்று வந்ததும், பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் நொறுக்கிய சிப்ஸும் தூவித் தட்டில் தருவார்கள். மஞ்சூரியன் தெருவில் இறங்கி வடக்கத்தி பேல் பூரியோடு சிநேகம் பிடித்ததன் விளைவு என்று அதன் வம்சத்தை நான் ஊகிக்கிறேன். காளான் அதில் இருக்கும், தேடினால் அகப்படும். இதே ஊரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் ரகங்களை ஆராய்ந்து வெளியிட்டு, வளர்க்க விரும்புகிறவர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருகிறது. அதன் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே கோசு காளானாக விற்கிறது. ஒரு கடைக்காரரிடம் கேட்டே விட்டேன். “காளான் கம்மிதானுங்க, கோசுதான் ஜாஸ்தி. பூராக் காளானும் போட்டா இந்த ருசி வராதுங்க, போட்டுப் பாத்தனுங்க, வந்தவங்க இது காளான் மாதிரியே இல்லைன்னு போட்டாங்க” என்றார். அந்தக் கோசு நீலகிரியில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கி வருவது. நடுவட்டத்துச் சரிவில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களின் ஞாபகம் அப்போது எனக்கு வந்ததென்றால் அதற்கு மேல் அதில் அர்த்தம் கற்பிக்க நான் விரும்பவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போகவேண்டி வந்தது. பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வேலைக்கு வந்திருப்பவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பக்கமாக நடந்தபோது, தகர ஷெட்டின் கீழ் அலுமினிய ஆவிப் பாத்திரத்தை அடுக்கி ஒருவர் மோமோவும் நூடுல்ஸ் போட்ட ரசமும் விற்றுக்கொண்டிருந்தார். எந்தப் பாஷையிலும் பலகை இல்லை. சுற்றி நின்ற பையன்களும் பெண்களும் தங்கள் பாஷையில் சத்தமாகப் பேசிக்கொண்டு, ஊருக்குப் போன் போட்டு யாரிடமோ சிரித்துக்கொண்டு, கிண்ணத்தை வாயோடு வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுகிறவனின் நாக்கே நீதிபதியாக அமர்ந்திருக்கும் இடம். என் மருமகன் அத்தனை மைல் கார் ஓட்டிப் போய்க் கண்டடைந்தது இதைப் போன்ற ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் வாங்கி முடிக்கும் வரை ஒதுங்கி நின்று நானும் ஒரு தட்டு கேட்டேன். வெந்த மாவும் உள்ளே வெறும் கோசும் வெங்காயமும் இஞ்சியுமாக, உப்பும் உறைப்பும் ஒதுங்கி நின்ற ருசி. மரியாதைக்காக இரண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதில் தயங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “அண்ணா, காரம் போடவா?” என்றார். நான் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும் என்று என் மருமகன் சொல்வான். சரி என்றேன். அவர் தட்டிலிருந்ததை வாங்கிச் சட்டியில் கவிழ்த்து, நெருப்பைத் தூக்கி, பூண்டும் பச்சை மிளகாயும் குடைமிளகாயும் எறிந்து, சோயா சாஸும் சிவப்புச் சாஸும் விட்டுப் புரட்டியெடுத்துக் கொடுத்தார். பிரமாதமாக இருந்தது. பக்கத்தில் கிண்ணத்தோடு நின்றிருந்த பையன்கள் இரண்டு பேர் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் அதே மாதிரி ஒரு தட்டு போடச் சொன்னார்கள்.